முழங்கால் சொன்ன சேதி

ஒகேனக்கல் போயிட்டு வந்தவங்களுக்கு மூணு விஷயம் மறக்கவே மறக்காது. பரிசல், மீன் வறுவல், எண்ணெய் மசாஜ். "அருவியை விட்டுட்டியே"ன்னு சண்டைக்கு வராதீங்க. அருவி நாலு ஊர்ல இருக்கு. இந்த மூணும் ஒண்ணா இருக்கிறது இங்க மட்டும்தான் :-)

இந்தப் பதிவு அந்த மூணாவது விஷயத்துல ஆரம்பிச்சு எங்கெங்கயோ போகப் போகுது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

எங்க பெரியப்பாவுக்குப் பென்னாகரம் பக்கத்துல ஒரு கிராமம். மானாவாரி நிலம், நாலு மாடு, ஒரு போர்வெல். ஐம்பது வயசைத் தாண்டினதும் அவருக்குக் கால் விறைக்க ஆரம்பிச்சது. காலையில எழுந்து முதல் பத்தடி நடக்கிறதுக்குள்ள முகம் சுருங்கிடும். நடை மாறிப்போச்சு. முட்டி மடங்காம, பாதம் தரையை உரசிக்கிட்டே, கட்டையை இழுக்கிற மாதிரி நடப்பார். முதுகும் அப்படியே. கீழ விழுந்த துண்டை எடுக்கணும்னா உட்கார்ந்துதான் எடுப்பார். யாராவது பின்னாலேர்ந்து கூப்பிட்டா கழுத்தைத் திருப்ப முடியாம உடம்பையே திருப்புவார்.

"வயசாச்சுப்பா, வாதம்"னு ஊர்ல சொன்னாங்க. அதனால ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும், நடுவுல முடிஞ்சப்பல்லாம், பஸ் ஏறி ஒகேனக்கல் போயிடுவார். பாறை மேல உட்கார்ந்து ஒரு மணி நேரம் எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு, அருவியில நின்னுட்டு வருவார். சின்ன வயசுல நானும் கூடப் போயிருக்கேன். தேய்ச்சுவிடுறவர், "என்னாங்கண்ணா, காலு கருங்காலிக் கட்டையாட்டம் இருக்குது"ன்னு சொல்லிக்கிட்டே தொடையை அழுத்தி அழுத்தி நீவுவார். அன்னிக்குப் பூரா பெரியப்பா நல்லா நடப்பார். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் பழைய கதைதான்.

1998-ல அண்ணன் அவரை வலுக்கட்டாயமா ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். துணைக்கு நானும் போனேன். டாக்டர் இவரை மேஜை விளிம்புல உட்கார வெச்சு, காலைத் தொங்கவிடச் சொல்லி, ரப்பர் சுத்தியலால முட்டிக்குக் கீழ லேசா ஒரு தட்டு தட்டினார். கால் விருட்டுனு எழும்பி டாக்டரோட நாற்காலியை உதைச்சுது! நாங்க சிரிச்சுட்டோம். "நடக்கவே முடியாத மனுசனுக்கு இவ்வளவு பலமா"ன்னு பெரியப்பாவே சிரிச்சார்.

டாக்டர் சிரிக்கல. பாதத்தோட அடியில ஒரு சாவியால கீறிப் பார்த்தார். கையை விரிக்கச் சொல்லி உள்ளங்கையைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். அப்புறம் ரெண்டே கேள்வி.

"எந்த ஊரு பெரியவரே?"

"பென்னாகரம் பக்கங்க."

"என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

எனக்கு ஒண்ணும் புரியல. முட்டியைத் தட்டிட்டு எதுக்கு தண்ணியைப் பத்திக் கேக்கிறார்? அந்தக் கேள்வி பல வருஷமா மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்தது. நான் டாக்டர் இல்லை. ஆனா அன்னிக்கு அவர் போட்ட கணக்கு என்னன்னு தேடித்தேடிப் படிச்சேன். நான் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டதுதான் இந்தப் பதிவு.

சுத்தியல் வந்த கதை

முட்டியைத் தட்டினா கால் உதைக்கும்னு இன்னிக்கு ஸ்கூல் பசங்களுக்கே தெரியும். ஆனா அதை மருத்துவ சோதனையா எழுதி வெச்சது 1875-லதான். ஜெர்மனியில வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்பால்னு ரெண்டு டாக்டர்கள், ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்காமலே, ஒரே வருஷம் ஒரே பத்திரிகையில எழுதினாங்க. இதுக்குன்னே முக்கோண ரப்பர் வெச்ச சுத்தியலை அமெரிக்காவில டெய்லர்னு ஒருத்தர் கொண்டுவந்தது 1888-ல.

அதுக்கு முன்னாலயே பாதி வேலை முடிஞ்சிருந்தது. தண்டுவடத்துலேர்ந்து நரம்புகள் முன்பக்கம் ஒரு வேர், பின்பக்கம் ஒரு வேர்னு ரெண்டு ரெண்டா கிளம்பும். முன்வேருக்கும் அசைவுக்கும் தொடர்பு இருக்குன்னு இங்கிலாந்தோட சார்லஸ் பெல் 1811-ல எழுதினார். பிரான்ஸோட மஜாந்தி 1822-ல இன்னும் தெளிவா நிரூபிச்சார்: பின்வேர் உணர்ச்சியை உள்ளே கொண்டுவரும், முன்வேர் அசைவுக் கட்டளையை வெளியே கொண்டுபோகும். யார் முதல்லன்னு ரெண்டு தரப்பும் போட்ட சண்டை தனிக்கதை. மூளையைக் கேக்காமலே தண்டுவடம் தானா பதில் சொல்லும்னு 1833-ல மார்ஷல் ஹால் விளக்கினார்.

இதையெல்லாம் கோத்து மாலையாக்கினவர் சார்லஸ் ஷெரிங்டன். 1932-ல நோபல் பரிசு வாங்கினவர். அவர் சொன்னதை எங்க ஊர் பாஷையில சொல்றேன்.

முட்டிக்குக் கீழ தட்டினா அங்க இருக்கிற தசைநாண் ஒரு இழுப்பு இழுபடும். அதோட தொடைத் தசையும் துளியூண்டு நீளும். அந்தத் தசைக்குள்ளயே நீளத்தை அளக்கிற குட்டிக் கருவிகள் இருக்கு. கதிர் மாதிரி இருக்கிறதால தசைக்கதிர்னு பேரு. "ஐயோ, நீளுது!"ன்னு அது ஒரு சேதி அனுப்பும். சேதி பின்வேர் வழியா தண்டுவடத்துக்குள்ள போகும். அங்க முன்பக்கத்துல மோட்டார் நியூரான், அதாவது இயக்க நரம்பணு, உட்கார்ந்திருக்கும். சேதி வந்த நரம்பு நேரா அதைத் தொட்டுச் சொல்லும், நடுவுல புரோக்கரே கிடையாது. உடனே அந்த நரம்பணு முன்வேர் வழியா "சுருங்கு"ன்னு கட்டளை போடும். தொடை சுருங்கும், கால் எழும்பும். அதே நேரத்துல தொடைக்குப் பின்னால இருக்கிற எதிர்த்தசைக்கு "நீ சும்மா இரு"ன்னு இன்னொரு உத்தரவும் போகும். ரெண்டும் சேர்ந்து இழுத்தா கால் நகராதே! இவ்வளவும் கண் சிமிட்டுற நேரத்துக்குள்ள முடிஞ்சுடும்.

ஒரு இயக்க நரம்பணு ஒரே ஒரு தசைநாரை மட்டும் ஆள்றதில்லை. கண்ணை அசைக்கிற தசையில ஒரு நரம்பணுவுக்குப் பத்து நார் போல இருக்கும், அதனாலதான் அவ்வளவு நுணுக்கம். தொடையில ஒண்ணே நூத்துக்கணக்கான, சில இடத்துல ஆயிரத்துக்கும் மேல நார்களை ஆளும். துடுப்பை அழுத்துற பரிசல்காரரோட தோள்ல இப்படி எத்தனையோ கூட்டங்கள் மாத்தி மாத்தி வேலை செஞ்சுதான் பரிசல் நேரா போகுது.

மூளை போடுற கட்டளை, உடம்பு விழாம பார்த்துக்கிற கட்டளை, முட்டியில தட்டினா வர்ற சேதி, எதுவா இருந்தாலும் தசையை அடையணும்னா கடைசியில இந்த நரம்பணு வழியாத்தான் போகணும். இதை ஷெரிங்டன் 'கடைசிப் பொதுவழி'ன்னார். ஒகேனக்கல்ல நின்னா இது சட்டுனு புரியும். மேல காவேரி பாறைகளுக்கு நடுவுல பத்துக் கிளையாப் பிரிஞ்சு விழுது. கீழ எல்லாம் சேர்ந்து ரெண்டு பாறைச் சுவருக்கு நடுவுல ஒடுங்கி ஒரே வழியாப் போகுது. எந்த அருவியில விழுந்த தண்ணியா இருந்தாலும் அந்த இடுக்கைத் தாண்டித்தான் மேட்டூர் போகணும்.

கலெக்டரும் வி.ஏ.ஓ.வும்

இப்ப பெரியப்பா கதைக்கு வருவோம். நடக்க முடியாத மனுசனோட கால் எப்படி அவ்வளவு வேகமா உதைச்சுது?

தண்டுவடத்துல இருக்கிற இயக்க நரம்பணுவை வி.ஏ.ஓ.ன்னு வெச்சுக்குங்க. மூளையிலேர்ந்து இறங்கி வர்ற நரம்பு கலெக்டர் ஆபீஸ் லைன். சின்ன விஷயத்துக்கு வி.ஏ.ஓ. தானே முடிவு எடுக்கலாம். ஆனா "கொஞ்சம் பொறு, எல்லாத்துக்கும் குதிக்காதே"ன்னு மேலேர்ந்து ஒரு அதட்டல் எப்பவும் வந்துக்கிட்டே இருக்கும். அந்த லைன் அறுந்துபோச்சுன்னா ரெண்டு விஷயம் நடக்கும். மேலிடத்து உத்தரவு கீழ வராது, அதனால நினைச்ச மாதிரி கால் நகராது. அதட்டலும் வராது, அதனால லேசாத் தொட்டாக்கூட வி.ஏ.ஓ. ஆட்டம் போடுவார். தசை விறைக்கும், முட்டியைத் தட்டினா உதைக்கும். பாதத்தைக் கீறினா கட்டைவிரல் கீழ மடங்குறதுக்குப் பதிலா மேல தூக்கும். இதை 1896-ல பாரிஸ்ல பாபின்ஸ்கி கண்டுபிடிச்சார். சாவியால கீறினது அதுக்குத்தான்.

வி.ஏ.ஓ.வே போயிட்டா கதை தலைகீழ். தசை தளரும், சூம்பும், எவ்வளவு தட்டினாலும் கால் அசையாது. போலியோ பண்ணினது இதைத்தான். அந்தக் கிருமி தண்டுவடத்தோட முன்பக்க நரம்பணுக்களைத் தேடித்தேடி அழிச்சுது. எங்க ஊர்ல என் வயசுக்காரங்க எத்தனை பேர் சூம்பின காலோட வளர்ந்தாங்க! இந்தியாவில அதோட கடைசி கேஸ் 2011 ஜனவரியில மேற்கு வங்காளத்துல. 2014 மார்ச்ல போலியோ இல்லாத நாடுன்னு சான்றிதழ் கிடைச்சுது.

ஆக, ஒரு ரூபாய் செலவில்லாத ஒரு தட்டு, கோளாறு தசையிலயா, நரம்பணுவிலயா, அதுக்கும் மேலயான்னு பிரிச்சுச் சொல்லிடுது. பெரியப்பாவோட கால் விறைச்சு உதைச்சுது. அப்படின்னா தப்பு கால்ல இல்லை, மேல தண்டுவடத்துல எங்கயோ. சரி, எங்க? அதுக்குத்தான் கையைப் பார்த்தார். உள்ளங்கைத் தசை கொஞ்சம் சூம்பியிருந்தது. கைக்கான வி.ஏ.ஓ.க்கள் இருக்கிறது கழுத்தோட கீழ்ப்பகுதியில. கையில தளர்ச்சி, கால்ல விறைப்பு. அப்ப கழுத்துப் பக்கம் ஏதோ ஒண்ணு அங்கேயிருந்து கிளம்புற நரம்பு வேரையும் நசுக்குது, கீழே போற கலெக்டர் லைனையும் நசுக்குது.

நசுக்கினது எது? அதுக்குத்தான் பல்லும் தண்ணியும்.

1937, மெட்ராஸ்

இந்தக் கேள்விக்கு முதல் பதில் நம்ம மாகாணத்துலேர்ந்துதான் வந்தது. 1930-கள்ல அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவுல, உழவு மாடுகள் காரணமே இல்லாம விறைச்சு நொண்டுறதைப் பார்த்திருக்காங்க. மனுசங்களுக்கும் அப்படியே. முதுகு வளையாது, கழுத்து திரும்பாது, கடைசியில படுக்கை. 1937-ல ஷார்ட், மெக்ராபர்ட், பார்னார்டு, மன்னாடி நாயர்னு நாலு பேர் சேர்ந்து இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்ல ஒரு கட்டுரை எழுதினாங்க. ஷார்ட், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டோட டைரக்டர். பார்னார்டு எக்ஸ்ரே நிபுணர், சென்னை ஜி.ஹெச்.ல பார்னார்டு கதிரியல் நிலையம் அவர் பேர்லதான் இருக்கு. அவங்க கண்டுபிடிச்ச குற்றவாளி, கிணத்துத் தண்ணியில இருந்த ஃப்ளோரைடு.

அதே வருஷம் டென்மார்க்ல ரோஹோம்னு ஒரு டாக்டர், கிரையோலைட் தொழிற்சாலைத் தொழிலாளிகளோட எலும்பைப் பத்திப் பெரிய புத்தகமே போட்டார். அங்கயும் குற்றவாளி ஃப்ளோரைடுதான். அங்க ஆலைத் தூசி மூலமா வந்தது, இங்க ஒரு ஜனமே தண்ணிய நம்பிக் குடிச்சதுல வந்தது.

உடம்புக்குள்ள போய்த் தங்குற ஃப்ளோரைடுல கிட்டத்தட்ட மொத்தமும் எலும்புலயும் பல்லுலயும்தான் சேரும். குழந்தையா இருக்கும்போது குடிச்சா பல்லுல பழுப்புக் கறை விழும். பத்து, இருபது வருஷம் குடிச்சா எலும்பு தடிக்கும். எலும்போட எலும்பைக் கட்டுற தசைநார்கள்கூட சுண்ணாம்பேறிக் கல்லாகும். முதுகெலும்புக்குள்ள தண்டுவடம் போற குழாய், நரம்பு வேர் வெளியே வர்ற ஓட்டை, எல்லாம் உள்பக்கமா சுருங்கும். விரல் கனத்துக்கு இருக்கிற தண்டுவடம் கொஞ்சம் கொஞ்சமா நசுங்கும். எந்த அலறலும் இல்லாம வருஷக்கணக்கா நடக்கிற காரியம் இது.

1955-ல ஹைதராபாத்திலேர்ந்து சித்திக்கி, நல்கொண்டா ஜில்லா நோயாளிகளைப் பத்தி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினார். 1960-கள்ல பஞ்சாப் பக்கம் பாட்டியாலாவில ஜாலி, சிங் குழுவினர் நரம்புப் பாதிப்புகளை விரிவா ஆராய்ஞ்சாங்க. ஹைதராபாத் நரம்பியல் அறுவை நிபுணர் ராஜா ரெட்டி பல வருஷம் இதே நோயாளிகளைப் பார்த்துப் பதிவு பண்ணினார். எல்லாரும் பார்த்த காட்சி ஒண்ணுதான்: விறைச்ச கால், துள்ளுற முட்டி, சூம்புற கை.

பெரியப்பாவுக்கு முன்கையை எக்ஸ்ரே எடுத்தாங்க. முதுகு வலிக்கு எதுக்குக் கைன்னு அண்ணன் முணுமுணுத்தான். ஆனா படத்துல முன்கையோட ரெண்டு எலும்புக்கும் நடுவுல இருக்கிற சவ்வு முள்ளு முள்ளா எலும்பாகியிருந்தது. இந்த நோயோட கையெழுத்தே அதுதானாம். முதுகெலும்பு சாக்பீஸ் மாதிரி வெள்ளை வெளேர்னு இருந்தது. ஆபரேஷன் பண்ணி இடம் ஏற்படுத்தலாம், ஆனா எலும்பு கல்லு மாதிரி இருக்கு, இந்த வயசுல ஆபத்து ஜாஸ்தின்னு டாக்டர் ஒளிக்காம சொன்னார். பெரியப்பா வேண்டாம்னுட்டார்.

பாறை கொடுத்தது, ஆறு கொடுத்தது

தர்மபுரி, கிருஷ்ணகிரி பூமி முழுக்க பழைய கடினப் பாறை. கிரானைட், நைஸ் வகை. அதுல ஃப்ளோரின் சேர்ந்த தாதுக்கள் இருக்கு. மழை கம்மி, வெயில் ஜாஸ்தி. பாறை இடுக்குல வருஷக்கணக்கா தேங்கி நிக்கிற தண்ணியில ஃப்ளோரைடு மெல்லக் கரையும். உலக சுகாதார நிறுவனம் வெச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். எங்க பக்கம் எத்தனையோ போர்வெல்கள் அதைத் தாண்டினவை. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், ருசியாவும் இருக்கும், காய்ச்சினாலும் போகாது. சொல்லப்போனா தண்ணி வத்த வத்த அளவு கூடத்தான் செய்யும்.

ஓடுற ஆத்துத் தண்ணியில இந்தப் பிரச்சினை இல்லை. ஆனா காவேரி கீழ பள்ளத்துல ஓடுது, ஊரெல்லாம் மேட்டுல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாங்க. ஜப்பானோட ஜைக்கா கடன், மொத்தம் சுமார் 1,928 கோடி. திட்டத்தோட முழுப்பேரைக் கவனிச்சிருக்கீங்களா? அதுலயே 'ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு'ன்னு இருக்கும். உடனே கர்நாடகத்துல எதிர்ப்பு, இங்க சினிமாக்காரங்க உண்ணாவிரதம், ஏப்ரல்ல "கர்நாடகத் தேர்தல் முடியட்டும்"னு ஒரு நிறுத்தம். அந்த வாரங்கள்ல எல்லா டிவியிலயும் ரெண்டு மாநிலத்துச் சண்டையைத்தான் காமிச்சாங்க. முட்டி விறைச்சவங்களைக் காமிச்ச மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை. வேலை முடிஞ்சு 2013 மே மாசம் திட்டத்தைத் தொடங்கி வெச்சாங்க.

பெரியப்பா 2006-லயே போயிட்டார். கடைசி மூணு வருஷம் கட்டில்லதான். அப்பவும் கால் மேல போர்வை உரசினாக்கூட துள்ளும். "பாரு, இன்னும் உயிர் இருக்கு"ன்னு காலைக் காட்டிச் சொல்வார்.

போன மாசம் ஒகேனக்கல் போயிருந்தேன். அதே பாறை, அதே எண்ணெய் வாசனை. உட்கார்ந்து தேய்ச்சுக்கிட்டேன், சுகமாத்தான் இருந்தது. மசாஜை நான் குறை சொல்ல மாட்டேன். நிதானமா நீவி இழுத்தா விறைச்ச தசை கொஞ்ச நேரம் தளர்றது உண்மை. பெரியப்பா ரெண்டு நாள் நல்லா நடந்ததும் உண்மை. ஆனா அந்தத் தேய்ப்புக்காரர் கை வெச்ச தொடையில ஒரு தப்பும் இல்லை. தப்பு ரெண்டு அடி மேல, முதுகெலும்புக்குள்ள இருந்தது. அந்தத் தப்போட காரணம் வீட்டுத் திண்ணையில, செம்புல இருந்தது.

இருபது வருஷம் அந்த மனுசன் இருபது கிலோமீட்டர் பஸ்ல வந்து, இந்த ஆத்துல குளிச்சு, வீட்டுக்குப் போய் போர்வெல் தண்ணியக் குடிச்சார். மருந்து கூடவே ஓடிக்கிட்டு இருந்தது. அவர் அதைத் தலையில ஊத்திக்கிட்டார். குடிக்கத்தான் வழியில்லாம போச்சு.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். ஆத்துத் தண்ணி வந்தாச்சுன்னு பழைய எலும்பு கரையாது, நசுங்கின நரம்பும் எழுந்து உட்காராது. வருமுன் காப்பது மட்டும்தான் இதுக்கு வைத்தியம். அதனால எங்க பக்கத்துச் சொந்தக்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். குழாயில தண்ணி ரெண்டு நாள் வரலைன்னா "போர் தண்ணி ருசியா இருக்கு"ன்னு அதுக்குப் போயிடாதீங்க. பிள்ளைங்க பல்லைப் பாருங்க. பெரியவங்க கால் விறைக்குதுன்னா எண்ணெய் தேய்க்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டர்கிட்ட முட்டியைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

பி.கு: முட்டி துள்ளினாலே ஃப்ளோரைடுன்னு பயந்துடாதீங்க மக்களே. பதட்டமா இருக்கிற ஆளுக்கும் நல்லாவே துள்ளும். எனக்கும் துள்ளிச்சு. ரெண்டு காலும் ஒரே மாதிரி துள்ளுது, விறைப்பு இல்லை, கட்டைவிரல் கீழதான் மடங்குது, போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க :-)